சிங்கக்குட்டிக்கு பால் குடுக்கப் போகாதீங்க, குட்டையோரம் உக்காந்து எண்ணப் போங்க

தம்பி, நீங்க கேட்டத சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கறேன். வயசு 24, விலங்கியல் முடிச்சிருக்கீங்க, ஆப்பிரிக்கால ஏதாச்சும் ஒரு தேசிய பூங்கால ரெண்டு மாசம் வாலன்டியரா இருந்து வரணும்னு ஆசை. ஒரு ஏஜென்சிக்காரங்க தென்னாப்பிரிக்கால அனாதை சிங்கக்குட்டிகள வளக்கற வேலைன்னு போட்டோவெல்லாம் அனுப்பி முன்பணம் கேக்கறாங்க. இதனால காட்டுக்கு நெஜமாவே ஏதாச்சும் பிரயோஜனம் உண்டா இல்ல காசு தண்டமாங்கறது உங்க கேள்வி, அம்மா வேற பயப்படறாங்கன்னு கடைசியா ஒரு வரி எழுதியிருக்கீங்க.

மொதல்ல அந்த முன்பணத்த கட்டாதீங்க, மிச்சத்த பொறுமையா படிங்க.

நான் கோயம்புத்தூர்காரன், பம்ப்செட் தொழில். ஜிம்பாப்வேல புலவாயோங்கற ஊர்ல சோலார் பம்ப் மாட்டற வேலைல ஆறு வருஷம் இருந்தேன், லீவு கெடச்சப்பெல்லாம் ஹ்வாங்கே தேசிய பூங்காவுக்கு போய் கையில இருக்கற வேலை தெரிஞ்ச அளவுக்கு ஒத்தாசை பண்ணிட்டு வருவேன், நாலு தடவ அங்க விலங்கு கணக்கெடுப்புல உக்காந்திருக்கேன். அதனால நான் சொல்றது பெரும்பாலும் ஹ்வாங்கே பத்திதான் இருக்கும், ஆப்பிரிக்கா முழுசுக்கும் பேச எனக்கு ஞானம் கெடையாது.

குட்டி விஷயத்த மொதல்ல முடிச்சிடறேன், ஏன்னா அது எனக்கும் நடந்த கதை. 2014ல ஜிம்பாப்வே வர்றதுக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு ஏஜென்சிக்கு பணம் கட்டி ஒரு பண்ணைக்கு போனேன், பேரு வேண்டாம். அம்மா சிங்கம் கைவிட்டுடுச்சு, பெருசானதும் காட்டுல விட்டுடுவோம்னு சொன்னாங்க, நானும் நம்பி ரெண்டு வாரம் பாட்டில்ல பால் குடுத்தேன். பிற்பாடுதான் புரிஞ்சுது, அந்த குட்டிங்கள பொறந்த கொஞ்ச நாள்லயே தாய்கிட்ட இருந்து பிரிச்சு எடுக்கறாங்க, அப்படி எடுத்தா தாய் சீக்கிரமே அடுத்த ஈத்துக்கு தயாராயிடும். குட்டியா இருக்கறவரைக்கும் நம்மள மாதிரி ஆளுங்க பணம் குடுத்து கொஞ்சுவாங்க, கொஞ்சம் வளந்ததும் சுற்றுலாக்காரங்களோட நடைபயணம் போக வெப்பாங்க, முழுசா வளந்ததும் பல எடத்துல வேலி போட்ட எடத்துல வெச்சு சுட வர்றவனுக்கு விக்கிறது, இல்லேன்னா எலும்ப விக்கறதுக்காக கொல்றது. தென்னாப்பிரிக்கால இப்படி அடைப்புல வளர்ற சிங்கம் ஆயிரக்கணக்குல இருக்கு, அங்க காட்டுல சுதந்திரமா திரியறத விட அதிகம். மனுஷன் கையில பால் குடிச்சு வளந்த சிங்கத்த காட்டுல விட முடியாதுங்க, அதுக்கு மனுஷன பாத்தா பயமே இருக்காது, காட்டு சிங்கத்த பெருக்கறதுக்கு இந்த பண்ணைங்க ஒரு சிங்கம் கூட தந்ததில்லன்னு அந்த துறையில இருக்கறவங்க அடிச்சு சொல்றாங்க. அந்த குட்டியோட நான் எடுத்த போட்டோ இன்னும் போன்ல இருக்கு, உங்கள மாதிரி யாராச்சும் கேட்டா காட்டறதுக்காகவே அழிக்காம வெச்சிருக்கேன்.

அதனால ஒரு விதி வெச்சுக்கோங்க, காட்டு மிருகத்த கையால தொட விடற எடம் எதுவா இருந்தாலும், அடிபட்டதுக்கு டாக்டர் வைத்தியம் பாக்கறத தவிர, அது உங்களுக்கான எடம் இல்ல.

இப்ப ஹ்வாங்கேக்கு வர்றேன். ஜிம்பாப்வேயோட மேற்கு ஓரத்துல போட்ஸ்வானா எல்லைய ஒட்டி இருக்கு, கிட்டத்தட்ட 14,600 சதுர கிலோமீட்டர். நம்ம சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் 1,400 சொச்சம், அந்த மாதிரி பத்து சத்தியமங்கலத்த பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. வடகிழக்கு ஓரமா புலவாயோல இருந்து விக்டோரியா ஃபால்ஸ் போற ரயில் பாதை, அதுல குவாய்ல இருந்து டெட்டே வரைக்கும் 114 கிலோமீட்டர் வளைவே இல்லாம ஒரே நேர்கோடு, அந்த பாதைல அடிபட்டு சாகற மிருகமும் உண்டு. மேற்கால போட்ஸ்வானா பக்கம் வேலியே கெடையாது, யானை இஷ்டத்துக்கு போயிட்டு வரும். அங்கோலா, போட்ஸ்வானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே அஞ்சு நாடும் சேந்து வெச்சிருக்கற காவாங்கோ ஜாம்பேசி காப்பு நிலப்பரப்புக்குள்ளதான் இது வருது, அந்த மொத்த பரப்புல 2022ல விமானத்துல பறந்து எண்ணுனப்ப சுமார் 2,27,900 யானைன்னு கணக்கு வந்துச்சு. ஹ்வாங்கேக்கு மட்டும் 45,000ன்னு பொதுவா சொல்வாங்க, சீசனுக்கு சீசன் மாறும்.

இதுல ஆச்சரியம் என்னன்னா இந்த காட்டுல வருஷம் பூரா தண்ணி ஓடற ஆறுன்னு பேருக்கு ஒன்னு கூட சரியா இல்லைங்க. பெரும்பகுதி கலஹாரி மணல், மழை வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சுமார், ஏறக்குறைய நம்ம கோயம்புத்தூர் அளவுதான், அதுவும் நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான், மிச்ச மாசம் ஒரு சொட்டு கெடையாது. 1928ல இத காப்பிடமா அறிவிச்சப்போ மொத வார்டனா வந்தவர் டெட் டேவிசன், அப்ப அவருக்கு 22 வயசு, உங்கள விட சின்னவர். அப்போ யானை ஆயிரம் கூட இல்ல, அவரு பாத்தாரு, தண்ணி இருந்தாத்தான் மிருகம் தங்கும்னு போர் போட ஆரம்பிச்சாரு, தண்ணி எறைக்க மொதல்ல காத்தாலை, அப்புறம் டீசல் இன்ஜின். நம்ம தாத்தா காலத்துல கெணத்து மேட்டுல டுக் டுக்னு ஓடுமே லிஸ்டர் ஆயில் இன்ஜின், அதே ஜாதிதான் அந்த காட்டுக்குள்ள பல வருஷம் ஓடுச்சு, ஒவ்வொரு குட்டைகிட்டயும் ஒரு பம்ப் ஆளு கொட்டகை போட்டு தங்கி டீசல் ஊத்தி ஓட்டிட்டு இருப்பாரு. இப்ப பெரும்பாலும் சோலாருக்கு மாத்திட்டாங்க. ஆக இன்னைக்கு நீங்க படத்துல பாக்கற அவ்வளவு யானை கூட்டமும் போர் தண்ணிய குடிச்சு நிக்கிற கூட்டம்தான்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு, அத மறைக்கக்கூடாது. டேவிசனுக்கு முன்னாடி அந்த காட்டுல சான்ங்கற பழங்குடி மக்கள் இருந்தாங்க, காப்பிடம் வந்ததும் அவங்கள வெளிய அனுப்பிட்டாங்க, அவங்க வாரிசுங்க இப்ப தெற்கால சோலோட்சோ பக்கம் வறுமைல இருக்காங்க. இன்னொன்னு, தண்ணிய குடுத்து யானைய பெருக்கிட்டோம், குட்டைய சுத்தி மரமெல்லாம் மொட்டையாயிடுச்சு, அதுக்காக இப்ப பம்ப நிறுத்துனா செத்துடும், நிறுத்தலேன்னா இன்னும் பெருகும், இந்த விவாதம் அங்க ஓயாது. 2019 வறட்சில குறைஞ்சது 200 யானை செத்துச்சு, 2023 கடைசிலயும் நூறுக்கு மேல, 2024ல நாடே வறட்சியில மாட்டுனப்ப 200 யானைய சுட்டு இறைச்சிய ஜனங்களுக்கு குடுக்கப்போறதா அரசாங்கம் அறிவிச்சுது. சேறா போன குட்டையில குட்டியானை கால் மாட்டி நிக்கிறத நான் பாத்திருக்கேன், தாய் ரெண்டு நாளா நகராம நின்னுச்சு. அத பாத்தவங்க தண்ணிய நிறுத்துங்கன்னு சொல்ல முடியாது, எனக்கும் அதுக்கு மேல சரியான பதில் தெரியாது.

சரி, வாலன்டியருக்கு அங்க என்ன வேலை? எனக்கு ரொம்ப புடிச்சது, வெளியாளுக்கு நெஜமாவே எடம் இருக்கறது, 24 மணி நேர கணக்கெடுப்பு. வைல்ட்லைஃப் அண்ட் என்விரான்மென்ட் ஜிம்பாப்வேன்னு ஒரு பழைய தன்னார்வ அமைப்பு, அவங்க பூங்கா நிர்வாகத்தோட சேந்து வருஷா வருஷம் நடத்தறாங்க. கோடை முத்தி குட்டைங்கள்ல மட்டுமே தண்ணி மிஞ்சி நிக்கிற செப்டம்பர் அக்டோபர்ல, பௌர்ணமி அன்னிக்கு, மத்தியானம் 12 மணிக்கு ஆரம்பிச்சு மறுநாள் மத்தியானம் 12 வரைக்கும், ஒவ்வொரு குட்டைக்கும் ஒரு குழு வண்டியிலயோ மேடையிலயோ உக்காந்து தண்ணி குடிக்க வர்ற எல்லாத்தையும் எண்ணி எழுதணும். பௌர்ணமி எதுக்குன்னா ராத்திரி டார்ச் அடிக்காம கண்ணுக்கு தெரியணும். நம்ம ஊர்ல யானை கணக்கெடுப்புல மூணாவது நாள் நீர்நிலையோரமா உக்காந்து எண்ணுவாங்க பாருங்க, முதுமலை சத்தியமங்கலத்துல போனவங்களுக்கு தெரியும், அதே முறைதான், அங்க ராத்திரியும் சேத்து.

எப்படி இருக்கும்னு சொல்றேன். மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் ஒன்னும் இருக்காது, 40 டிகிரி வெயில்ல வண்டிக்குள்ள வெந்துட்டு இருப்பீங்க, இம்பாலா மான், பபூன் குரங்கு, நாலு வரிக்குதிரை, ஒரு குடு மான் மரத்தடில ஒரு மணி நேரம் நின்னு யோசிச்சுட்டு வரும். நாலு மணிக்கு மேல தூரத்துல மர வரிசைகிட்ட புழுதி கெளம்பும். யானைக்கு தண்ணி வாசம் புடிச்சதும் கடைசி இருநூறு மீட்டர் நடக்காது, ஓடும், குட்டிங்க தும்பிக்கைய ஆட்டிட்டு பின்னாலயே ஓடி வரும், அத முதல்தடவ பாக்கறப்போ நான் எண்ண மறந்துட்டேன், பக்கத்துல இருந்த அம்மா 70 வயசு இருக்கும், முப்பது வருஷமா கணக்கெடுப்புக்கு வர்றவங்க, தோள தட்டி எண்ணுப்பான்னாங்க. போர் தண்ணி குழாய் வாய்ல இருந்து விழற எடத்துலதான் தண்ணி தெளிவா இருக்கும், அங்க பெரிய கொம்பன் நின்னுக்கும், மத்ததெல்லாம் சுத்தி கலங்கல குடிக்கும், ஒரு கிழவி யானை வந்து அவன லேசா முட்டுனா நகந்து வழி விடுவான், எல்லாருக்கும் இல்ல, அந்த கிழவிக்கு மட்டும்.

இருட்டுனதும்தான் கஷ்டம். நிலா வெளிச்சத்துல 80 யானை ஒரே எடத்துல சாம்பல் நிற பாறை மாதிரி நிக்கும், ஒரு கூட்டம் வெளிய போறப்போவே இன்னொன்னு உள்ள வரும். ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி ஒப்பிட்டு பாப்போம், வித்தியாசம் வந்தா திரும்ப எண்ணுவோம், நேரம், இனம், ஆண் பெண் குட்டி எல்லாம் படிவத்துல எழுதணும். ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கம் கண்ண சொருகும், அப்பத்தான் கழுதைப்புலி வரும், சிங்கத்தோட சத்தம் கேக்கும், அது காதுல கேக்கறத விட நெஞ்சுலதான் அதிகமா கேக்கும். விடியறப்ப கல்கௌதாரி கூட்டம் சத்தம் போட்டுட்டு எறங்கும். இறங்கி போகக்கூடாது, ஒன்னுக்கு போறதுக்கு கூட வண்டிக்கு பின்னால ஒரு அடி தள்ளி, ஒருத்தர் காவல் நிக்கணும்.

இந்த எண்ணிக்கை மொத்த யானை எத்தனைன்னு சொல்லாது, அத தெளிவா புரிஞ்சுக்கணும். ஒரே யானை சாயங்காலம் ஒரு குட்டை, காலைல ஒரு குட்டைன்னு ரெண்டு தடவ எண்ணிக்கைல வரலாம், முந்தின நாள் ஒரு மழை பேஞ்சா காட்டுக்குள்ள பள்ளமெல்லாம் தண்ணி நின்னு குட்டைக்கு யாருமே வர மாட்டாங்க. ஆனா வருஷா வருஷம் அதே பௌர்ணமி, அதே குட்டை, அதே முறைன்னு பல பத்து வருஷமா சேந்த கணக்கு இது, எந்த குட்டையில எந்த இனம் கொறையுது, எங்க தண்ணி அவசரம்னு அதுல தெரியும். இவ்வளவு பெரிய காட்டுல ஒரே ராத்திரில எல்லா குட்டையிலயும் ஆள உக்கார வெக்க பூங்காகிட்ட சம்பள ஆள் பத்தாது. தன்னார்வலர் வரலேன்னா அந்த கணக்கே கெடையாது. ஏஜென்சிகாரங்ககிட்ட நீங்க கேக்க வேண்டிய கேள்வியும் இதுதான், நான் வரலேன்னா எந்த வேலை நிக்கும்னு கேளுங்க. நிக்காதுங்க, அங்க உள்ளூர் ஆளே செய்வாருன்னா அந்த வேலைய அவருகிட்டயே விட்டுடுங்க, அவருக்கு சம்பளம் வேணும், அந்த நாட்டுல வேலை கெடைக்கறது எவ்வளவு கஷ்டம்னு நான் கண்ணால பாத்தவன்.

அடுத்தது சுருக்கு கம்பி. துப்பாக்கி வேட்டைய பத்தித்தான் எல்லாரும் பேசுவாங்க, 2013ல ஹ்வாங்கேல உப்புலயும் தண்ணிலயும் சயனைடு வெச்சு நூறுக்கு மேல யானைய கொன்னாங்க, செத்த யானைய தின்ன கழுகும் செத்துச்சு, 2015ல சிசில்ங்கற சிங்கத்த பூங்காவுக்கு வெளிய இழுத்து கொன்னது உலகமே பேசுச்சு. ஆனா தெனமும் அமைதியா கொல்றது சுருக்குதான். டெலிபோன் கம்பி, வேலிக் கம்பி எது கெடச்சாலும் முடிச்சு போட்டு மான் தடத்துல கட்டிட்டு போயிடுவாங்க, கறிக்கு, வீட்டு பசிக்கும் உண்டு, விக்கறதுக்கும் உண்டு. அதுல மானுக்கு பதிலா காட்டுநாய் மாட்டும். பெயின்டட் டாக்னு சொல்ற ஆப்பிரிக்க காட்டுநாய், உடம்பு பூரா கருப்பு மஞ்சள் வெள்ளை திட்டு, ஒன்னோட திட்டு இன்னொன்னுக்கு வராது, ஆப்பிரிக்கா முழுசுக்கும் சேத்து ஆறாயிரத்து சொச்சம்தான் மிச்சம்னு மதிப்பீடு. டெட்டே ஊர் பக்கத்துல பெயின்டட் டாக் கன்சர்வேஷன்னு ஒரு அமைப்பு முப்பது வருஷத்துக்கு மேல இதுக்காகவே இருக்கு, உள்ளூர் ஆளுங்கள வேலைக்கு வெச்சு தெனம் காட்ட சல்லடை போட்டு சுருக்க எடுக்கறாங்க, எடுத்த கம்பிய வெச்சு ஊர் கைவினைஞர்கள் பொம்மை செஞ்சு விக்கிறாங்க, ஸ்கூல் பசங்கள கூட்டிட்டு வந்து முகாம் நடத்தறாங்க. நாய் எங்க இருக்குன்னு தெரியறதுக்கு போடற சிக்னல் காலர்லயே கழுத்துல கம்பி இறுகாம தடுக்க தகடு வெச்சிருப்பாங்க. சுருக்கு தேடி வரிசையா நடக்கறப்போ ஒரு நாள் கூட போயிருக்கேன், துப்பாக்கி வெச்ச ரேஞ்சர் இல்லாம ஒரு அடி கூட விட மாட்டாங்க, காலைல அஞ்சுல இருந்து பதினொன்னு வரைக்கும் மணல்ல நடந்து எனக்கு ஒன்னு கூட கண்ணுல படல, கூட வந்த உள்ளூர் ஆளு ஏழு எடுத்தாரு. கம்பி மேல புகை காட்டி கருக்கி வெச்சிருந்தா நமக்கு கொடி மாதிரிதான் தெரியும், அதுக்கு கண்ணு பழகணும், ரெண்டு மாசத்துல பழகாது.

உங்க படிப்புக்கு ஏத்த வேலை வேற இருக்கு. கேமரா ட்ராப்னு, மிருகம் குறுக்க வந்தா தானா படம் எடுக்கற கேமராவ காட்டுல கட்டி வெச்சிருப்பாங்க, அந்த படங்க லட்சக்கணக்குல குவியும், அதுல பாதிக்கு மேல காத்துல ஆடற புல்லு, மிச்சத்த இனம் பிரிச்சு எழுத ஆள் வேணும். காட்டுநாய் படத்துல திட்ட ஒப்பிட்டு இது எந்த நாயின்னு அடையாளம் கண்டுபிடிக்கணும். மேப் சாஃப்ட்வேர், புள்ளிவிவரம் தெரிஞ்சா தலைமேல தூக்கி வெச்சுப்பாங்க, தெரியலேன்னா கெளம்பறதுக்கு முன்னாடி ஆறு மாசம் கத்துக்கோங்க. போகாமலே ஆரம்பிக்கலாம், ஸூனிவர்ஸ்ன்னு ஒரு தளத்துல செரெங்கெட்டி, கொரொங்கோசா மாதிரி காடுகளோட கேமரா படங்கள உலகத்துல யாரு வேணும்னாலும் வீட்ல இருந்தே இனம் பிரிச்சு குடுத்திருக்காங்க, அந்த மாதிரி ப்ராஜெக்ட் எப்பவும் ஏதாச்சும் ஒன்னு ஓடிட்டிருக்கும். ஒரு ஆயிரம் படம் பாத்துட்டு இன்னும் ஆர்வம் இருந்தா நீங்க அங்க போகலாம், சலிச்சுப் போச்சுன்னா சுற்றுலாவா போயிட்டு வாங்க, அதுலயும் தப்பில்ல, பூங்காவுக்கு நுழைவு கட்டணம் போய் சேரும்.

படிப்பு இல்லாத வேலைலயும் பெரிய மதிப்பு உண்டு, அத நான் சொந்தமா சொல்ல முடியும். நான் போனப்போ யாருக்கும் என்னோட மிருக அறிவு தேவைப்படல, சோலார் பம்போட கன்ட்ரோலர் போர்டு எரிஞ்சு ஒரு குட்டை நாலு நாளா காஞ்சு கெடந்துச்சு, அத பிரிச்சு பாக்க ஆள் வேணும்னாங்க. யானை தண்ணி வாசத்துக்கு பைப்ப தோண்டி பிடுங்கிடும், தொட்டிய சாச்சிடும், பேனல் கம்பத்துல உடம்ப தேச்சு வளைச்சிடும், அதனால சுத்தி கூர்மையான கல்ல நெருக்கமா பரப்பி வெப்பாங்க, பாதம் குத்தும்னு மிதிக்க மாட்டான். சாயங்காலம் தண்ணி மறுபடி விழுந்தப்ப ஒரு தாய் யானை குட்டிய கூட்டிட்டு இருபது அடி தள்ளி வந்து நின்னுச்சு, நாங்க வண்டிக்குள்ள மூச்சு விடாம இருந்தோம். வண்டி மெக்கானிக், எலக்ட்ரீசியன், வெல்டர், நர்ஸ், கணக்கு எழுதறவங்க, இவங்கள அங்க எப்பவும் தேடுவாங்க. உங்க கூட்டாளிங்கள்ல யாராச்சும் ஐடிஐ முடிச்சவன் இருந்தா கூட்டிட்டு போங்க.

பூங்காவ ஒட்டி இருக்கற ஊர்ல வேலைய மறந்துடாதீங்க, எனக்கு காட்டுக்குள்ள விட அங்கதான் அதிகம் மனசு ஒட்டுச்சு. ராத்திரி சிங்கம் வந்து மாட்ட அடிச்சா அடுத்த நாள் அந்த குடும்பத்துக்கு ஏர் ஓட்ட மாடு இல்ல. அங்க லாங் ஷீல்ட்ஸ்னு ஊர் இளைஞர்களயே வேலைக்கு வெச்ச ஒரு காவல் குழு இருக்கு, காலர் போட்ட சிங்கம் ஊர் பக்கம் வர்றது போன்ல தெரிஞ்சதும் ஓடிப் போய் வுவுசேலா ஊதி வெரட்டுவாங்க, ஆமாங்க, 2010 உலகக்கோப்பை கால்பந்துல காது கிழிஞ்சுதே அதே ஊதல்தான். இன்னொன்னு, திரும்ப திரும்ப எடம் மாத்தற மாட்டுப்பட்டி. உயரமான கனத்த துணிய சுவரா கட்டி உள்ள மாட்ட அடைப்பாங்க, சிங்கத்துக்கு உள்ள என்ன இருக்குன்னு கண்ணுக்கு தெரியாது, பாயாது, கொஞ்ச நாள் ஒரு காட்டுல கட்டிட்டு சாணியும் கோமியமும் நல்லா சேந்ததும் அடுத்த காட்டுக்கு மாத்திடுவாங்க, அடுத்த மழைக்கு அந்த மண்ணுல மக்காச்சோளம் நல்லா வரும். நம்ம ஊர்ல கெடை போடறோமே, அதேதான். நான் எங்க ஊர் ஆட்டுக்கெடை பத்தி சொன்னப்போ ஒரு பெரியவர் அவ்வளவு சந்தோஷப்பட்டாரு, எத்தன நாளைக்கு ஒரு தடவ மாத்துவீங்க, ஏக்கருக்கு எத்தன ஆடுன்னு கேள்வி மேல கேள்வி. சாப்பாடும் அப்படித்தான், இசிட்ஷ்வாலான்னு மக்காச்சோள மாவுல கிண்டுன களி, கீரையோ கறிக்குழம்போ தொட்டு கையால சாப்பிடணும், நமக்கு அன்னியமாவே இருக்காது. சலிபோனானின்னு வணக்கம் சொல்லக் கத்துக்கோங்க, அந்த ஒரு வார்த்தைக்கு மொகம் மலரும்.

செலவு. ஒழுங்கான எடத்துலயும் இலவசம் கெடையாது, சாப்பாடு, தங்கல், டீசல் எல்லாம் நூறு கிலோமீட்டர் தாண்டி வரணும், ரெண்டு வாரத்துக்கே ஆயிரம் டாலருக்கு மேல கேக்கறது சகஜம். கேக்கறது தப்பில்ல, எங்க போகுதுன்னு சொல்லணும், எவ்வளவு உள்ளூர் ஆளுங்க சம்பளத்துக்கு, எவ்வளவு ஏஜென்சிக்குன்னு எழுத்துல கேளுங்க. ரெண்டு மாசம் பெரிய தொகை ஆகும், அதனால நான் சொல்றது, செப்டம்பர் கடைசி அக்டோபர் ஆரம்பத்துல பௌர்ணமிய வெச்சு மூணு வாரம் போங்க, மிச்ச காசுல இங்கயே தமிழ்நாட்டு வனத்துறை யானை கணக்கெடுப்பு, ஒருங்கிணைந்த பறவை கணக்கெடுப்புன்னு வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவ வாலன்டியரா போகலாம். அத முதல்லயே செஞ்சுட்டு போனா அங்க உங்க விண்ணப்பத்த மதிச்சு படிப்பாங்க. கணக்கெடுப்புக்கு அந்த அமைப்புக்கு நேரா எழுதி எடம் இருக்கான்னு பல மாசம் முன்னாடியே கேளுங்க, பழைய ஆளுங்களுக்கு முன்னுரிமை உண்டு, வண்டி வெச்சிருக்கற குழுவுல சேந்துக்கணும். டூரிஸ்ட் விசால வாலன்டியர் வேலை செய்யலாமான்னு தூதரகத்துகிட்ட எழுத்துல வாங்கிக்கோங்க, ஏஜென்சி வாய்ப்பேச்ச நம்பி போகாதீங்க. டாலர் சின்ன நோட்டா, கிழியாததா எடுத்துட்டு போங்க, கார்டு பல எடத்துல வேலை செய்யாது.

ஊசி விஷயம். ஜிம்பாப்வேல மஞ்சள் காய்ச்சல் ஆபத்து இல்ல, ஆனா பல விமானம் அடிஸ் அபாபா, நைரோபி வழியா போகும், எத்தியோப்பியா கென்யா ரெண்டும் நம்ம அரசாங்க பட்டியல்ல இருக்கு, வழில வெளிய எறங்கி தங்கற மாதிரி ஆயிடுச்சுன்னா திரும்பி வர்றப்போ சர்டிபிகேட் இல்லாம போனா இங்க ஆறு நாள் வரைக்கும் தனியா வெச்சுடலாம். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்ல போடறாங்க, பயணத்துக்கு பத்து நாள் முன்னாடியாவது போட்டாத்தான் செல்லும், ஒரு தடவ போட்டா ஆயுசுக்கும் போதும். மலேரியாவுக்கு மாத்திரை டாக்டர்கிட்ட கேட்டு போறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சு, திரும்பி வந்தும் சொன்ன நாள் வரைக்கும் விடாம போடுங்க, நாய்க்கடி தடுப்பூசியும் கேளுங்க.

கடைசியா அம்மா. அவங்களுக்கு சிங்கம் யானை பயம் இருக்கும், எங்க அம்மாவுக்கும் அதேதான். உள்ளபடியே அங்க ஆபத்து வேற வரிசைல இருக்கு, மலேரியா மொதல்ல, அடுத்தது ராத்திரி ரோடு, விளக்கில்லாத நெடுஞ்சாலைல கழுதையும் மாடும் யானையும் நடுவுல நிக்கும், அதனால சூரியன் மறைஞ்சதுக்கு அப்புறம் எந்த வண்டிலயும் ஏறாதீங்க, மிருகம் அதுக்கு பின்னாடிதான், ரேஞ்சர் சொன்னபடி நடந்தா. இத அப்படியே அம்மாகிட்ட சொல்லுங்க, ஒன்னுமே இல்லம்மான்னு சொன்னா நம்ப மாட்டாங்க. டெட்டே பக்கம் சிக்னல் இருக்கும், உள்ள போனா பல நாள் இருக்காது, ஞாயித்துக்கிழமை காலைல நம்ம ஊர் நேரம் பதினொன்னு மணிக்குள்ள கூப்பிடுவேன், கூப்பிடலேன்னா திங்கள் வரைக்கும் பதறாதீங்கன்னு சொல்லி வெச்சுட்டு போங்க, அங்க நம்மள விட மூணரை மணி நேரம் பின்னால, அந்த ஏழரை மணிக்கு நீங்க எப்படியும் எந்திரிச்சு ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.